தினாபோவுக்கு ஒரு ஆள்

தினாபோ சுகாதார நிலையம்
27 ஜனவரி 2004

நிம்பா,

அலுவலக முறைப்படி மூன்று கடிதம் போட்டாகிவிட்டது. நவம்பரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று, புது வருஷம் பிறந்ததும் ஒன்று. மூன்றும் மேயர் அலுவலகம் வழியாக, முத்திரையோடு. பதில் இல்லை. அதனால் இதைப் படகுக்கார அண்ணன் மனோங் இஸ்கோவிடம் கொடுத்து, உன் கையில் மட்டும்தான் தரவேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். மாகாண சுகாதார அலுவலகத்தின் வாசல் காவலாளி அவரை உள்ளே விடமாட்டான். உன் பெயரைச் சொல்லிச் சத்தம் போடச் சொல்லியிருக்கிறேன். சத்தம் போட அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரிசலின் எங்கே?

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் உன் பணியாளர் மேம்பாட்டுத் திட்டத்தின் கோப்போடு நீ இந்தத் தீவுக்கு வந்தாய். ஒவ்வொரு சுகாதார நிலையத்திலிருந்தும் ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து மிட்வைஃப் படிப்பு படிக்கவைத்து, படிப்பு முடிந்ததும் அதே நிலையத்துக்குத் திருப்பி அனுப்புவோம் என்றாய். என் சமையலறையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை போட்ட கோழிச்சாறு இரண்டு கிண்ணம் குடித்தாய். அக்கா முறை சொல்லி, "அவளக் குடுங்க மனாங், ரெண்டு வருஷத்துல முழு மிட்வைஃபா திருப்பித் தர்றேன்" என்றாய். நானும் கொடுத்தேன். ஊசி போடத் தெரிந்த ஒரே தன்னார்வலர் அவள். அவள் போனபிறகு பஸிதாவும் நானும்தான். பஸிதா நல்லவள். ஆனால் அவள் வேலை எடை பார்ப்பதும் பதிவேடு எழுதுவதும்.

படிப்பு அக்டோபரில் முடிந்துவிட்டது என்று அவள் அம்மா சொல்கிறாள். எனக்கு அறுபத்து மூன்று வயது. இரண்டாயிரத்து நூறு பேருக்கு நான் ஒருத்தி. நீ இங்கே ஐந்து வருஷம் என்னோடு வேலை பார்த்தவள். இந்த மலைப்பாதை எப்படி ஏறும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

பதில் எழுது. படிவம் அனுப்பாதே.

சதுர்னினா அலோகாடோ


மாகாண சுகாதார அலுவலகம்
10 பிப்ரவரி 2004

மனாங் துர்னிங்,

மனோங் இஸ்கோ வாசலில் போட்ட சத்தத்தில் இரண்டாம் மாடியில் கூட்டமே நின்றுபோனது. பெரிய டாக்டர் வில்யாருஸ், "யாருக்கோ பிரசவம் போல, போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். உங்கள் கடிதம்.

எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, அழுத்தி அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். கோபம் தெரிகிறது. இந்தாய் என்றுகூட எழுதவில்லை. பதினாறு வருஷத்தில் நீங்கள் என்னை அப்படித் தங்கச்சி என்று கூப்பிடாமல் எழுதிய முதல் கடிதம் இதுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரிசலின் தேர்வில் தேறிவிட்டாள். மாகாணத்தில் மூன்றாம் இடம். ஆனால் இங்கே பெரிய மருத்துவமனையின் பிரசவ வார்டில் ஒரே வருஷத்தில் நான்கு பேர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு கட்டிலில் இரண்டு தாய்மார் படுத்திருக்கிறார்கள். வார்டுத் தலைமை செவிலி என் மேஜைக்கு வந்து அழுதாள். டாக்டர் வில்யாருஸ் ரிசலினைத் தற்காலிகமாக அங்கே போடச் சொன்னார். ஆணையில் கையெழுத்துப் போட்டது நான்தான். ஜூன் மாதம் அடுத்த அணி படித்துத் தேறி வரும். அதில் ஒருத்தியை வார்டுக்குக் கொடுத்துவிட்டு ரிசலினை ஜூலை ஒன்றாம் தேதி உங்களிடம் அனுப்புகிறேன்.

இந்தத் திட்டத்தில் இதுவரை இருபத்திரண்டு பேரைப் படிக்க வைத்தேன் மனாங். தங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். அறிக்கையில் "பயிற்சி பெற்றோர் இருபத்திரண்டு" என்று எழுதுகிறேன். ஒன்பது என்று எழுத அந்த அறிக்கையில் கட்டமே இல்லை.

நீங்கள் திட்டுவீர்கள் என்று தெரிந்தும் ஒரு படிவத்தை இத்துடன் வைக்கிறேன். பயிற்சித் தேவைப் படிவம். எல்லா நிலையங்களும் அனுப்பிவிட்டன, தினாபோ மட்டும் பாக்கி. அது இல்லாமல் உங்களுக்கு ஆள் ஒதுக்கக் கேட்கவே முடியாது.

நிம்பா


தினாபோ
2 மார்ச் 2004

நிம்பா,

படிவத்தைப் பூர்த்தி செய்து இணைத்திருக்கிறேன். நீ படிப்பாயோ மாட்டாயோ, என்ன எழுதினேன் என்று இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

"உங்கள் நிலையத்தின் பணியாளர்களுக்குத் தேவைப்படும் முதன்மைப் பயிற்சி எது?" பணியாளர்கள் என்று பன்மையில் கேட்டிருக்கிறார்கள். பணியாளர் ஒருவர். அவருக்குத் தேவை தூக்கம்.

"பயிற்சிக் காலத்தில் உங்கள் பணியைக் கவனிப்பவர் யார்?" கடல்.

"குழுவாகப் பணியாற்றும் திறனை ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பிடுக." இதற்குப் பதில் எழுதவில்லை. பஸிதாவிடம் படித்துக் காட்டினேன், அவள் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் சிரிப்பதை நிறுத்திவிட்டோம்.

தற்காலிகம் என்று எழுதியிருக்கிறாய். நீயும் இங்கே தற்காலிகமாக மூன்று மாதத்துக்குத்தான் வந்தாய். ஐந்து வருஷம் ஆனது. பிறகு நகரத்துக்கும் தற்காலிகமாகத்தான் போனாய். பதினோரு வருஷம் ஆகிறது. அந்தச் சொல்லுக்கு உங்கள் அலுவலகத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் வடகரையில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை குறுக்கே கிடந்தது. கையால் தடவிப் பார்த்ததுமே தெரிந்தது, உடனே படகில் ஏற்றிவிட்டோம். மூன்று மணி நேரம் கடலில் நனைந்து போய், உன் ரிசலின் இருக்கிற அதே வார்டில்தான் அறுவை செய்து எடுத்தார்கள். இரண்டு உயிரும் பிழைத்தன. அந்தப் பெண் திரும்பி வந்து, "ரிசலினப் பாத்தேன் மனாங், வெள்ளச் சட்டையில அழகா இருக்கா" என்றாள். அவளுக்கு என்ன சொல்வது?

மனோங் இஸ்கோ வேறொன்றும் சொன்னார். அவளை பாஸ்போர்ட் அலுவலக வரிசையில் பார்த்தாராம். அவருக்குப் பேச்சு அதிகம். ஆனாலும் பொய் சொல்கிறவர் இல்லை.

விசாரி.

சதுர்னினா


மாகாண சுகாதார அலுவலகம்
19 ஏப்ரல் 2004

மனாங்,

மனோங் இஸ்கோ சொன்னது உண்மைதான். எழுதுவதற்கு ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டேன். அவள் மனத்தை மாற்றிவிட்டு நல்ல செய்தியாக எழுதலாம் என்று காத்திருந்தேன்.

தைவானில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஏஜென்சியில் மார்ச் மாதமே பெயர் கொடுத்துவிட்டாள். ஆனால் அசல் சான்றிதழ் என் அலமாரியில் இருக்கிறது. படிப்பு எத்தனை வருஷமோ அதற்கு இரட்டிப்பு வருஷம் சொந்த ஊரில் வேலை செய்தால்தான் சான்றிதழ் கைக்கு வரும் என்று பத்திரம். நீங்கள்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டீர்கள். சான்றிதழ் கேட்டு அவள் என் முன்னால் வந்து நின்றாள். பத்திரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"இதுல கையெழுத்துப் போட்டது யாரு?" என்றேன்.

"நான்தான் மேடம்."

"நாலு வருஷம் தினாபோவுல இருக்கணும்னு இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா படிப்பு முடிஞ்ச அன்னிக்கே பொட்டியக் கட்டி வெச்சுட்டேன் மேடம். எங்க அம்மாவுக்கு வெள்ளிக்கிழம படகுன்னு சொல்லியாச்சு. நீங்கதான் போகாதன்னு ஆர்டர் போட்டீங்க."

"அது தற்காலிகம்."

"வார்டுல ஒரு நாளைக்குப் பன்னெண்டு பிரசவம் பாக்கறேன். கூட இருந்தவங்க மூணு பேரு போயாச்சு. ஒவ்வொருத்தரும் போறப்போ எனக்கு ஒரு கேக்கு வாங்கிக் குடுத்துட்டுப் போறாங்க. அன்னிக்கே என்னைத் தீவுக்கு அனுப்பியிருந்தா நான் போயிருப்பேன் மேடம். அது நெசம். இப்ப எனக்கு அந்த மனசு இல்ல."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், அது எளிதாக இருந்திருக்கும். சான்றிதழைத் தரவில்லை. ஜூலை வரை பொறு என்று அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். கணவர் கப்பலில், மகள் இலோய்லோ கல்லூரியில். கேட்க ஆளில்லை.

அதுவரை மாதம் ஒரு முறை இங்கிருந்து ஒரு மிட்வைஃபை உங்களிடம் அனுப்புவதாக ஏற்பாடு. மே முதல் வாரம் ஒருத்தி வருவாள். கடல் ஒத்துக்கொள்ளாத பெண், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே. ரத்த அழுத்த மாத்திரை வருகிறதா?

நிம்பா


தினாபோ
24 ஜூலை 2004

இந்தாய் நிம்பா,

நீ அனுப்பிய பெண் மே மாதம் வந்தாள், படகிலேயே வாந்தி எடுத்து, அடுத்த படகில் போய்விட்டாள். அவள் மேல் தப்பில்லை. ஜூனில் யாரும் வரவில்லை. ஜூலை ஒன்றாம் தேதியும் யாரும் வரவில்லை. அதைச் சொல்வதற்காக எழுதவில்லை.

பதினைந்தாம் தேதி மரிபெல் இறந்துபோனாள். ஒனோஃப்ரேயின் மனைவி. நீ இங்கே இருந்தபோது உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவாளே பள்ளிக்கூடப் பெண், அவள்தான். ரிசலினுக்கு ஒன்றுவிட்ட அக்கா. மூன்றாவது பிரசவம். இருபத்தொன்பது வயது.

அறிக்கை தனியாக வரும். அதில் எழுத முடியாததை உனக்கு எழுதுகிறேன்.

காலை எட்டரைக்குக் குழந்தை பிறந்தது. பெண். நல்ல அழுகை. கால் மணி நேரத்தில் நஞ்சுக்கொடி வந்தது. அதைத் தட்டில் விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, முழுதாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் ரத்தம் நிற்காது, நான் உனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். பார்த்தேன். முழுதாக இருப்பதாகப் பட்டது.

பஸிதா எட்டிப் பார்த்து, "மனாங், இந்த ஓரத்துல கொஞ்சம் பிஞ்ச மாதிரி இருக்கே" என்றாள்.

"உனக்கென்ன தெரியும், போய்க் கொழந்தைய எட போடு" என்றேன்.

என் வலது கண் போன வருஷமே போய்விட்டது நிம்பா. இடது கண்ணில் புகை மூட்டம் மாதிரி. ஊசி மருந்தின் பெயரை ஆறு மாதமாக பஸிதாதான் படித்துச் சொல்கிறாள். நான் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்வேன். அவளும் நம்புகிற மாதிரி இருப்பாள். என் எழுத்து பெரிதாக இருக்கிறது என்று பிப்ரவரியில் நீ எழுதியபோது பயந்துவிட்டேன். நீ கோபம் என்று எடுத்துக்கொண்டாய். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. மருந்து போட்டேன், வயிற்றை அமுக்கிப் பிடித்தேன். சலைன் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. மூன்று தடவை குத்தினேன், விரலால் தடவித் தடவி. நான்காவது தடவை பஸிதாவின் கையைப் பிடித்து அவளைக் குத்தச் சொன்னேன். அவள் இதற்கு முன்னால் குத்தியதே இல்லை. கிடைத்துவிட்டது. பதினொன்றுக்குப் படகில் ஏற்றினோம். தென்மேற்குக் காற்று. மனோங் இஸ்கோ இரண்டு தடவை கரையைத் தாண்டப் பார்த்தார், அலை திருப்பித் தள்ளியது. மூன்றாவது தடவை தாண்டிவிட்டார். பாதிக் கடலில், இரண்டு மணிக்கு, ஒனோஃப்ரேயின் மடியில் அவள் போய்விட்டாள். "மனாங், குளுருது" என்றதுதான் கடைசி.

கண்ணைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொன்னால் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டு நிலையத்தைப் பூட்டிவிடுவீர்கள். அரைக்கண் இருக்கிற ஒருத்தி, யாருமே இல்லாததைவிட மேல் என்று நினைத்தேன். ரிசலின் வரட்டும், வந்ததும் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் தள்ளினேன்.

இதைக் கோப்பில் சேர்க்க வேண்டுமென்றால் சேர்த்துக்கொள். நான் மறுக்கமாட்டேன்.

குழந்தை ஒனோஃப்ரேயின் தங்கையிடம் இருக்கிறது. பால் குடிக்கிறது.

மனாங்


மாகாண சுகாதார அலுவலகம்
21 ஆகஸ்ட் 2004

மனாங் துர்னிங்,

உங்கள் கடிதத்தை ஒரு மாதமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அந்தப் பள்ளிக்கூடப் பெண் வாளியோடு வந்து நிற்கிறாள். தண்ணீர் ஊற்றிவிட்டு, "ஒரு மிட்டாய் இருக்கா?" என்று கேட்பாள். எனக்கு அது மட்டும்தான் நினைவிருக்கிறது.

நேற்று மரண ஆய்வுக் கூட்டம் நடந்தது. நீள மேஜை, பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு பன், காப்பி. படிவத்தில் காரணம் எழுத மூன்று கட்டங்கள். நோயாளி தாமதம், போக்குவரத்துத் தாமதம், பணியாளர் தவறு. டாக்டர் வில்யாருஸ், "கடல் மோசம். போக்குவரத்துன்னு போட்டுடலாமா?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அது கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை மனாங். உங்களைக் காப்பாற்றத்தான் சொன்னார். என்னையும்தான்.

நான் எழுந்தேன்.

"அந்த நிலையத்துக்குன்னு படிச்ச ஆள் ஒருத்தி இருந்தா டாக்டர். அன்னிக்குக் காலைல எட்டரைக்கு அவ இந்தக் கட்டடத்துக்கு எதுக்க இருக்கிற வார்டுல இருந்தா. ஜூலையிலயும் மாத்தாத என்னோட கையெழுத்தால இருந்தா. அதுக்கு எந்தக் கட்டம்?"

ஒருவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு உங்கள் கண்ணைப் பற்றியும் சொன்னேன். நீங்கள் மறுக்கமாட்டேன் என்று எழுதியதால் சொன்னேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது பாதி உண்மை. உங்கள் கண் போனதைப் பதினெட்டு மாதமாக ஒரு மேற்பார்வையாளரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் ஒரு மேற்பார்வையாளரும் தீவுக்குப் போகவில்லை, அந்த மேற்பார்வையாளர்களில் நானும் ஒருத்தி என்று சொன்னேன். கடைசியில் மூன்று கட்டத்திலும் டிக் போட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் டாக்டரின் அறைக்குப் போனேன். என் மிட்வைஃப் உரிமம் இன்னும் செல்லும், புதுப்பித்துக்கொண்டுதான் வருகிறேன், தினாபோவுக்கு என்னைப் போடுங்கள் என்றேன். திட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். இருபத்தைந்து வயதில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவன் இருக்கிறான், அறிக்கை என்னைவிட நன்றாக எழுதுவான் என்றேன். மிகச் சீக்கிரம் சம்மதித்துவிட்டார். தடுப்பார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

ரிசலின் நேற்று சாயங்காலம் வந்தாள். கண் வீங்கியிருந்தது. "இப்ப நான் அங்க போனா ஒனோஃப்ரே மாமா முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றாள். அலமாரியைத் திறந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்தப் பத்திரத்தை முதலில் மீறியது நான். அதைக் காட்டி அவளைப் பிடித்துவைக்க எனக்கு உரிமை இல்லை. செப்டம்பர் கடைசியில் விமானம்.

உங்களுக்கு இங்கே கண் அறுவைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இடது கண் தேறும் என்கிறார்கள். வலதுக்கு வாக்குத் தரவில்லை. நான் செப்டம்பர் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை படகில் வருகிறேன். அறுவை பதிமூன்றாம் தேதி. அதற்கு முன்னால் நீங்கள் கிளம்பியாக வேண்டும். அதனால் நாம் சந்திக்காமலும் போகலாம். அது எனக்கு வருத்தமா நிம்மதியா என்று தெரியவில்லை.

நிம்பா


தினாபோ
7 செப்டம்பர் 2004
(மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறேன்)

இந்தாய்,

இன்றைய படகில் கிளம்புகிறேன். சாவி பஸிதாவிடம்.

தடுப்பூசிப் பெட்டியின் கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறேன், அவிழ்த்தால் மூடாது. ஜெனரேட்டர் காலையில் இரண்டு உதை, மழை நாளில் நான்கு. வடகரையில் இரண்டு பேர் ஏழாம் மாதம். பெயர் பஸிதாவுக்குத் தெரியும். வெறிநாய் ஒன்று சுற்றுகிறது என்கிறார்கள், ஆனால் அது வெறும் சொறிநாய். அடிக்க விடாதே.

ஒனோஃப்ரேயிடம் நான் போய்ச் சொன்னேன். கண்ணைப் பற்றி, நஞ்சுக்கொடியைப் பற்றி, பஸிதா சொன்னதையும் நான் சொன்னதையும். வலை பின்னிக்கொண்டிருந்தவன் நிறுத்தவில்லை. "எனக்கு இன்னொரு தடவ சொல்லாதீங்க மனாங்" என்றான். எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காலையில் என் படியில் கணவாய்க் கருவாடு ஒரு கட்டு இருந்தது. அவன் வைத்தானா, அவன் தங்கை வைத்தாளா, தெரியாது.

கூட்டத்தில் நீ சொன்னது சரி. படித்தபோது இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தது. பிறகு போய்விட்டது.

படுக்கை விரிப்பு துவைத்தது.

மனாங்


தினாபோ
12 அக்டோபர் 2004

மனாங்,

அறுவை நல்லபடியாக முடிந்தது என்று மனோங் இஸ்கோ சொன்னார். கட்டு பிரித்ததும் செவிலியைப் பார்த்து, "நீ இவ்வளவு குண்டா?" என்று கேட்டீர்களாம். அப்படியென்றால் தேறிவிட்டீர்கள்.

இங்கே ஒரு மாதம் ஆகிறது. நான்கு பிரசவம். முதல் பிரசவத்தில் என் கை அத்தனையையும் மறந்திருந்தது. பதினோரு வருஷம் மற்றவர்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்த கை. பஸிதா ஒவ்வொரு பொருளையும் நான் கேட்பதற்கு முன்னால் நீட்டினாள். அவள் நீட்டியதைப் பார்த்துத்தான் அடுத்தது என்ன என்று எனக்கு நினைவு வந்தது. நஞ்சுக்கொடியை ஜன்னலுக்குக் கொண்டுபோய் அவளும் நானும் சேர்ந்து பார்த்தோம். அவள் விரலை ஓரம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு, "முழுசா இருக்கு மேடம்" என்றாள். பிறகு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

முதலில் இவளைத் தேர்ந்தெடுக்காதது என் தப்பு. முப்பது வயதுக்குக் கீழே என்று விதி. பஸிதாவுக்கு அப்போது முப்பத்திரண்டு. வயதைப் பார்த்ததும் பெயரை அடித்துவிட்டேன். புருஷன், இரண்டு பிள்ளைகள், நிலம், எல்லாம் இந்தத் தீவில் இருக்கிறவள். எங்கேயும் ஓடமாட்டாள் என்பதற்கு அவளைவிட நல்ல சாட்சி வேண்டுமா? அதற்கு விதியில் கட்டம் இல்லை.

போன வாரம் கேட்டேன். "படிக்கப் போறியா பஸிதா? வயசு விதியைத் தளர்த்தச் சொல்லி எழுதறேன்."

சாயங்காலம் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பத்திரத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். நான்கு வருஷம் இங்கே வேலை செய்ய வேண்டும், மீறினால் என்ன, மீறினால் என்ன என்று ஒன்பது பாரா.

"இதுல எல்லாம் நான் செய்ய வேண்டியதுதான் இருக்கு" என்றாள். "அவங்க செய்ய வேண்டியது எங்க?"

"எது?"

"என்னைத் திருப்பி அனுப்பறது. ரிசலினையும் அனுப்பறோம்னுதான கூட்டிட்டுப் போனாங்க. படிப்பு முடிஞ்சு முப்பது நாளுக்குள்ள தினாபோவுக்கு அனுப்பணும், வேற எங்கயும் போடக்கூடாது, தற்காலிகமாக்கூடப் போடக்கூடாதுன்னு எழுதுங்க. எழுதிப் பெரிய டாக்டர் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் நான் போடறேன்."

புருஷன் பக்கத்திலிருந்து, "போடலன்னா போகமாட்டா மேடம். எங்கிட்டயும் இப்படித்தான்" என்றான்.

பதினோரு வருஷத்தில் எத்தனை பத்திரம் தயாரித்திருக்கிறேன். இந்த ஒரு பாரா எனக்குத் தோன்றவில்லை. எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என் இடத்துக்கு வந்த பையனுக்கு அனுப்பினால் சட்டப் பிரிவுக்கு அனுப்புவான், அவர்கள் மார்ச் வரை வைத்திருப்பார்கள். நவம்பர் பதினைந்து சேர்க்கைக்குக் கடைசி நாள்.

நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நிம்பா


நகரம், தங்கை மகன் வீடு
9 நவம்பர் 2004

இந்தாய் நிம்பா,

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு மாகாண அலுவலகத்துக்குப் போனேன். வாசல் காவலாளி, "அப்பாயின்ட்மென்ட் இருக்கா பாட்டி?" என்றான். முப்பத்தெட்டு வருஷமாக இருக்கிறது என்றேன்.

டாக்டர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். உன் இடத்துப் பையன் வந்து, மனுவைத் தட்டில் வைத்துவிட்டுப் போங்கள், முறைப்படி வரும் என்றான். நல்ல பையன்தான், காப்பி கொடுத்தான். வைக்கமாட்டேன் என்றேன். அன்று சாயங்காலம்வரை கூட்டம் முடியவில்லை. புதன்கிழமை டாக்டர் வெளியூர்.

வியாழக்கிழமை ஒனோஃப்ரே படகில் கொடுத்தனுப்பிய உலர்ந்த கணவாய் வந்து சேர்ந்தது. வீட்டில் வைக்க இடமில்லாமல் பையோடு அலுவலகத்துக்கே எடுத்துப் போனேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் ஏசி அறையில் கணவாய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமலும் இல்லை. பதினோரு மணிக்கு எழுத்தர் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு டாக்டரின் அறைக்குள் போனாள். ஐந்து நிமிஷத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

படித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் களைத்துப் போயிருக்கிறார் நிம்பா, மேஜையில் மாத்திரை அட்டை மூன்று கிடந்தது.

"இப்படி ஒரு வழக்கமே இல்ல மனாங். ஆபீஸ் எப்படிப் பத்திரம் எழுதிக் குடுக்கும்?"

"அவ எப்படிக் குடுக்கறா?"

"வார்டுல ஆளில்லன்னா நான் எங்க போவேன், சொல்லுங்க."

"தெரியல டாக்டர். எங்ககிட்ட ஆளில்லாதப்ப நாங்க எங்க போனோமோ அங்கதான்."

பிறகு பேனாவை எடுத்தார். வயது விதிக்கு விலக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உன் பாராவுக்கு வந்ததும் முப்பது நாளை அடித்து அறுபது என்று எழுதினார். "கொஞ்சம் கைகால் நீட்ட எடம் வேணும் எனக்கு" என்றார்.

இடது கண்ணால் அந்த எண்ணைப் பார்த்தேன். இப்போது நன்றாகத் தெரிகிறது. "மரிபெல்லுக்கு நாலு மணி நேரந்தான் இருந்துச்சு டாக்டர்" என்றேன்.

அவர் அறுபதை அடித்தார், திரும்பவும் முப்பது என்று எழுதினார், பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். முத்திரை குத்த எழுத்தர் பெண் வந்தாள். கணவாயில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்திரத்தை மனோங் இஸ்கோவிடம் எண்ணெய்த்தாளில் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். பஸிதா கையெழுத்துப் போட்டதும் வெள்ளிக்கிழமை படகில் அவளை அனுப்பு. துறையில் நான் நிற்கிறேன். இங்கே என்னோடு தங்கிப் படிக்கட்டும். வெள்ளைச் சட்டை தைக்கத் துணி வாங்கிவிட்டேன். பிள்ளைகளை அவள் மாமியார் பார்த்துக்கொள்வாள், ஆனால் சின்னவன் முதல் வாரம் அழுவான். நிலையத்துக்குக் கூட்டிவந்து எடைத் தராசில் உட்கார வை, அது அவனுக்குப் பிடிக்கும்.

அவள் திரும்பி வர இரண்டு வருஷம். அதுவரை அங்கே நீ ஒருத்திதான். பெரிய டாக்டரைக் கையெழுத்துப் போடவைத்தாகிவிட்டது, பஸிதாவும் போட்டுவிடுவாள். உன்னிடம் மட்டும் யாரும் பத்திரம் வாங்கவில்லை. நானும் கேட்கமாட்டேன். கேட்டால் நீ உட்கார்ந்து பதில் எழுத வேண்டும், வடகரைப் பெண்களுக்கு இந்நேரம் நாள் நெருங்கியிருக்கும். போய்ப் பார்.

மனாங்